நடக்கும்போது காதில் எதைப் போடுவது?



கொஞ்ச நாளாக எங்களிடம் பல பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், வோக்கிங் போகக்குள்ள கேக்கிறதுக்கு சின்ன செட் ஒண்டு எடுக்கணும். எது நல்லம்?" பள்ளி வாசலில் கேட்கிறார்கள், கடைத்தெருவில் கேட்கிறார்கள், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களும் பிள்ளையின் புள்ளியை விட்டுவிட்டு இதைக் கேட்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் ஏழு பேர் சேர்ந்து, ஓய்வு பெற்ற ஒரு மூத்த ஆசிரியருக்கு இப்படியொரு சின்னக் கருவி வாங்கிக் கொடுத்த செய்தி ஊருக்குள் பரவியதுதான் காரணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, தேடிப் பார்த்து நாங்கள் அறிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், ஏன் நடக்கிறோம்? நமது ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது என்று தேடத்தான் வேண்டும். இலங்கையில் 2005, 2006 காலப்பகுதியில் நடந்த தேசிய அளவிலான ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் காட்டியது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு ஆகக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம். கிளினிக்கில் வைத்தியர் "நடங்க" என்றதும் எல்லோரும் தலையாட்டுகிறோம். புதுச் சப்பாத்து வாங்குகிறோம். முதல் வாரம் சுபஹ் தொழுதுவிட்டு அப்படியே கடற்கரைப் பக்கம் போகிறோம். மூன்றாவது வாரத்தில் சப்பாத்து வாசலில் கிடக்கிறது.

காரணம் கால் வலி இல்லை, அலுப்பு. அதே ரோட்டு, அதே மதில், அதே நாய். பேச்சுத் துணை இருந்தால் நடை தெரியாது. துணை இல்லாதவருக்கு அரை மணித்தியாலம் அரை நாளாக இருக்கும். காதில் ஏதாவது கேட்டுக்கொண்டு நடந்தால் அந்த நேரம் சுருங்குகிறது. இது வெறும் மனப்பிரமை என்று நினைக்க வேண்டாம். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கொஸ்டாஸ் கரகியோர்கிஸ் என்ற ஆய்வாளர் உடற்பயிற்சியையும் இசையையும் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவர். மிதமான வேகத்தில் பயிற்சி செய்யும்போது காதில் விழும் ஓசை, உடல் படும் பாட்டை மனம் குறைவாக உணரச் செய்கிறது என்பது அந்த ஆய்வுகளின் சாரம். கடும் ஓட்டத்தில் அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. உடம்பே உரத்துப் பேசும்போது காதில் விழுவதை மனம் கவனிப்பதில்லை. நம்மில் பெரும்பாலானோர் செய்வது நடைதான் என்பதால் இந்த உதவி நமக்குப் பொருந்தும்.

"அதுக்குத்தானே போன் இருக்கு?" என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளும் அந்தக் கேள்வி வந்தது. ஏழு பேரில் மூன்று பேர் போனே போதும் என்றார்கள். மற்ற நால்வரும் சொன்ன காரணங்கள் இவை.

போன் கனம். சாரனோடு நடப்பவர் அதை எங்கே வைப்பார்? கையில் பிடித்துக்கொண்டு கை வீசி நடக்க முடியாது. சேர்ட் பையில் போட்டால் குனியும்போது விழும். 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு போன் கண்ணாடி உடைவது என்பது வீட்டுச் செலவில் ஓட்டை விழுவதற்குச் சமம்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போன் நம்மை நடக்க விடாது. பத்து நிமிடம் நடந்திருப்போம், வாட்ஸ்அப்பில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஜனாஸா அறிவித்தலாக இருக்குமோ என்று எடுத்துப் பார்ப்போம். அது யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். எடுத்தது எடுத்தாயிற்று, இன்னும் நாலு குழுமத்தைப் பார்த்துவிடுவோம் என்று சந்தியில் நிற்போம். நடை முடிந்தது. பயான் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தால், அது முடிந்ததும் அடுத்தது என்ன என்பதைப் போனே தீர்மானிக்கிறது. நாம் கேட்க நினைக்காத சண்டை, நாம் பார்க்க விரும்பாத விளம்பரம் எல்லாம் வரிசையில் நிற்கும். சின்ன எம்பி3 கருவிக்கு அந்தப் புத்தி கிடையாது. நாம் எதைப் போட்டோமோ அதை மட்டும் பாடும், ஓதும், பேசும். எங்களுக்கு அதன் மிகப் பெரிய சிறப்பாகத் தெரிந்தது இந்தக் 'குறை'தான்.

கையில் போன் மட்டுமே உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, நடக்கும் நேரத்தில் விமான நிலையில் போட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இந்தச் சின்னக் கருவிகளின் கதையையும் சுருக்கமாகச் சொல்கிறோம். கடையில் ஏன் இப்போது இவை குறைவாக இருக்கின்றன என்பது அதிலிருந்து விளங்கும். நடந்துகொண்டே கேட்கும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 1979இல் சோனி வெளியிட்ட வோக்மன். எண்பதுகளில் சவூதி, குவைத், கட்டார் என்று போய் வந்த நமது வாப்பாமாரும் மாமாமாரும் கொண்டுவந்த பொருட்களில் டேப் ரெக்கோடரும் வோக்மனும் கட்டாயம் இருக்கும். 1998இல் தென் கொரியாவிலிருந்து எம்பிமேன் என்ற முதல் எம்பி3 கருவி வந்தது. 2001இல் அப்பிள் ஐபொட் வந்தது. 2005இல் திரையே இல்லாத ஐபொட் ஷஃபிள் வந்தது. அதற்கு அடுத்த வருடம் சட்டையில் கொளுவும் கிளிப்போடு அதை இன்னும் சிறிதாக்கினார்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் அதை மிகவும் விரும்பினார்கள். பிறகு எல்லாவற்றையும் போன் விழுங்கிவிட்டது. 2017இல் ஷஃபிளையும் 2022இல் கடைசி ஐபொட்டையும் அப்பிள் நிறுத்தியது. இன்று கிடைப்பவை சான்டிஸ்க் கிளிப் வகைகள், சோனியின் சில வகைகள், பிறகு பெயர் இருந்தும் இல்லாத ஏராளமான சீனத் தயாரிப்புகள். விலையை நாங்கள் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் அது பொய்யாகிவிடும்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

முதலாவது, பொத்தான். தொடுதிரை வேண்டாம். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. பார்க்காமலே, துணிக்கு மேலாகவே, விரலால் தடவி நிறுத்தக்கூடிய பொத்தான் வேண்டும். அதான் சொல்லும்போது, யாராவது ஸலாம் சொல்லும்போது, சந்தியைக் கடக்கும்போது ஒரு நொடியில் நிறுத்த முடிய வேண்டும். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, விட்ட இடத்தில் தொடங்கும் வசதி. பாட்டுக் கேட்பவருக்கு இது பெரிய விடயம் இல்லை. ஒரு மணித்தியால பயானை இரண்டு நாளில் கேட்பவருக்கு இதுதான் உயிர். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் நேற்று நின்ற நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். மலிவான கருவிகள் சில முதல் கோப்பின் முதல் நொடிக்கே போய்விடும். கடையில் போட்டு, அணைத்து, மீண்டும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கொள்ளளவு. கடைக்காரர் 64 ஜிபி, 128 ஜிபி என்று அடுக்குவார். கணக்கைப் பாருங்கள். சாதாரணத் தரமான 128 கிலோபிட் எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும். மணித்தியாலத்துக்கு 58 எம்பி அளவு. முழுக் குர்ஆன் கிராஅத் நிதானமான ஓதலில் 30 மணித்தியாலம் என்று வைத்தாலும் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். 8 ஜிபியில் 130 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கலாம். தினமும் அரை மணித்தியாலம் நடப்பவருக்கு அது எட்டு மாதத்துக்கு மேல். பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நான்காவது, சிப். தனியாக மெமரி சிப் போடும் கருவியென்றால் 32 ஜிபிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேற்பட்ட சிப்கள் வேறு முறையில் வடிவமைக்கப்பட்டு வருவதால் பழைய, மலிவான கருவிகள் அவற்றை வாசிக்காது. சந்தையில் போலிச் சிப்களும் உண்டு. மேலே 64 என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8தான் இருக்கும். கணினியில் போட்டாலும் 64 என்றே காட்டும். நிரப்பும்போதுதான் பழைய கோப்புகள் கெட்டுப் போகும். வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பி, கடைசிக் கோப்பும் முதல் கோப்பும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, வரிசை. பலருக்குத் தெரியாத சிக்கல் இது. மலிவான கருவிகள் கோப்புகளைப் பெயர் வரிசையில் ஓட்டுவதில்லை, கணினியிலிருந்து பிரதி செய்யப்பட்ட வரிசையில் ஓட்டுகின்றன. அதனால்தான் "சூரா எல்லாம் குழம்பிக் கிடக்குது" என்று சிலர் சொல்கிறார்கள். 001, 002 என்று 114 வரை எண்ணிட்டு, வெறுமையான ஃபோல்டருக்குள் வரிசை மாறாமல் பிரதி செய்தால் சரியாகிவிடும். தமிழில் பெயர் வைத்தால் சில கருவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். எண் மட்டும் போதும்.

ஆறாவது, வயரா ப்ளூடூத்தா. வயருக்குத் தனிச் சார்ஜ் தேவையில்லை, ஒன்று கழன்று சாக்கடைக்குள் விழாது, விலையும் குறைவு. இன்னொன்றும் உண்டு. எஃப்எம் வானொலி உள்ள கருவிகளில் ஹெட்செட் வயர்தான் அன்டெனாவாக வேலை செய்கிறது. வயரைச் செருகாமல் போட்டால் இரைச்சல்தான் வரும். முஸ்லிம் சேவையோ பிறை எஃப்எம்மோ கேட்டுக்கொண்டு நடக்க விரும்பும் மூத்தவர்களுக்கு வயர்தான் நல்லது. ப்ளூடூத்தின் நன்மை, வயர் கையில் கொளுவாது. எங்கள் ஆசிரியைகள் இருவர் இதில் வேறொரு அனுபவம் சொன்னார்கள். ஹிஜாபுக்குள் சின்ன பட்ஸ் போட்டால், முந்தானையைச் சரி செய்யும் ஒவ்வொரு முறையும் கழன்று விழுகிறது. வயரை உள்ளால் விட்டு, கருவியைக் கை மணிக்கட்டுப் பக்கம் கொளுவிக்கொள்வதுதான் அவர்களுக்கு வசதி.

ஏழாவது, வியர்வையும் கடற்காற்றும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. வியர்வையும் கடல் நீரும் உப்பு. நடந்து வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். உப்புப் படிந்த நிலையில் சார்ஜில் போடாதீர்கள்.

இனி சொல்லப்போகும் இரண்டு விடயங்களும் கருவியை விட முக்கியம். ஒன்று காது, மற்றது ரோட்டு.

காதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் தெளிவான அளவு சொல்லியிருக்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. சத்தத்தைக் கொஞ்சம்தானே கூட்டினோம் என்று நினைப்போம், காதுக்கு அது இரட்டிப்புச் சுமை. உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட இளையவர்கள் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது. உட்காதின் மெல்லிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வகுப்பறையில் இதை நாங்கள் பார்க்கிறோம். பின் வாங்கில் இருக்கும் பிள்ளை "என்ன சேர்?" என்று இரண்டு முறை கேட்கும்போது, கவனமில்லை என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். சில வேளை அது கவனக்குறைவாக இராது. மைதானத்தில் வொலிபோல் பயிற்சிக்கு வரும் பொடியன்மார் காதில் போட்டிருப்பது பக்கத்தில் நிற்கும் எங்களுக்கே கேட்கிறது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முழுச் சத்தத்தில் 60 வீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கருவியில் உச்ச சத்தத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் நீங்களே அமைத்துக் கொடுங்கள். கேட்டு முடித்த பிறகு காதுக்குள் 'கிண்' என்று ஓர் ஓசை நின்றால், அது காது இடும் முறைப்பாடு. இரண்டாம் முறை வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்து ரோட்டு. இதில்தான் எங்களுக்குள் மிகவும் சூடான வாக்குவாதம் நடந்தது. நமது ஊர்கள் ஏ4 வீதியின் இரு பக்கமும் நீளமாகக் கிடப்பவை. அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஒரே வீதி. சுபஹ் முடிந்து இருள் பிரியும் நேரத்தில்தான் கொழும்பிலிருந்து வரும் நீண்டதூர பஸ்களும், மீன் ஏற்றிப்போகும் லொறிகளும், வெளிச்சமில்லாத சைக்கிள்களும் அதில் ஓடுகின்றன. வயல் பக்கம் நடப்போருக்கு யானைப் பயமும் உண்டு. ஓர் ஆசிரியை கேட்டார்: "ரெண்டு காதையும் மூடிக்கிட்டு நடந்தா பின்னால யாரு வாறாங்க எண்டு எப்பிடித் தெரியும்?" பெண்களுக்கு அந்தக் கேள்வியில் வாகனம் மட்டும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

எங்களில் ஒருவர் ரோட்டில் காதில் எதுவுமே போடக் கூடாது என்றார். இன்னொருவர், அப்படியென்றால் தனியாக நடப்பவர்கள் நடக்கவே மாட்டார்கள், சீனி கூடிச் சாவதும் சாவுதானே என்றார். இரண்டிலும் நியாயம் உண்டு. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இதுதான். மைதானத்திலும் கடற்கரை மணலிலும் இரண்டு காதிலும் போடலாம். ரோட்டில் என்றால் ஒரு காதில் மட்டும், பக்கத்தில் வருபவர் பேசுவது கேட்கும் அளவுக்குக் குறைந்த சத்தத்தில். ரோட்டின் வலது பக்கமாக நடக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடது பக்கம் ஓடுவதால், வலது பக்கம் நடப்பவருக்கு அருகில் வரும் வாகனம் முகத்துக்கு நேரே வரும். காது தவறவிடுவதைக் கண் பிடித்துக்கொள்ளும். சந்தி வந்தால் நிறுத்திவிட வேண்டும். காதை மூடாமல் கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்செட்களும் இப்போது வந்திருக்கின்றன. விலை கூட. வாங்க முடிந்தவர்களுக்கு ரோட்டு நடைக்கு அவை நல்லவை. இரைச்சலை முழுதாக அடைக்கும் வகை ஹெட்செட் ரோட்டுக்கு ஆகவே ஆகாது.

இசை கேட்கலாமா என்ற கேள்வியையும் சிலர் அனுப்பியிருந்தார்கள். அதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. உலமாக்களிடம் கேளுங்கள். எங்கள் ஏழு பேருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, அதனால் தேநீர் ஆறிப்போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். குர்ஆனைப் போட்டால் அதற்குச் செவிசாய்க்கும் ஒழுக்கத்தோடு கேளுங்கள். மூச்சு வாங்க ஓடும்போதும், வழியில் நின்று ஊர்க்கதை பேசும்போதும் அது பின்னணிச் சத்தமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்போது நிறுத்திவிடுங்கள். முதலில் பொத்தானைப் பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த மூத்த ஆசிரியரின் விடயம். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம். "பேரப் போடாதீங்க, மத்ததைப் போடுங்க. ஆருக்காவது பிரயோசனப்படும்" என்றார்.

அவர் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குள் மனைவி வபாத்தானார்கள். பிள்ளைகள் வெளியூரில். சீனி ஏறிக்கொண்டே போக, வைத்தியர் கண்டிப்பாக நடக்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து நடந்த ரோட்டில் தனிய நடக்க மனம் வரவில்லை என்று ஒரு கிழமையில் விட்டுவிட்டார். நாங்கள் மாறி மாறித் துணைக்குப் போனோம். ஆனால் தவணைப் பரீட்சை, வினாத்தாள் திருத்தம் என்று வந்தால் எங்களால் முடிவதில்லை. அதனால்தான் காசு சேர்த்து இந்தக் கருவியை வாங்கினோம்.

என்ன போட வேண்டும் என்று கேட்டபோது கிராஅத், சில பயான்கள், வானொலியில் கேட்ட பழைய இஸ்லாமிய கீதங்கள் என்று பட்டியல் சொன்னார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கெசட்டை எடுத்து வந்தார். ஆசிரியர் நியமனம் கிடைக்க முன்னர், கலியாணம் முடித்த புதிதில், இரண்டு வருடம் சவூதியில் வேலை செய்தவர் அவர். அந்தக் காலத்தில் நமது ஊரில் பல பேர் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி, போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். 1986இல் மனைவி பேசி அனுப்பியது அது. டேப் ரெக்கோடர் பழுதாகிப் பல வருடமாகிறது. அதனால் அவரும் அதைக் கேட்டுப் பல வருடமாகிறது.

"இதையும் அதுக்குள்ள போடலாமா? ஆனா ரோட்டுல நடக்கக்குள்ள திடீரெண்டு வந்திடப்படாது" என்றார்.

எந்தக் கருவி என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைத்தது அந்த ஒரு சொல்லில்தான். அதுவரை நாங்கள் இரண்டு கருவிகளுக்கு இடையில் நின்றோம். ஒன்று திரை இல்லாதது, மிகச் சிறியது, அழகானது. மற்றது கொஞ்சம் தடிப்பு, சின்னத் திரை, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து ஓட்டக்கூடியது. ஒரு ஃபோல்டர் முடிந்தால் அடுத்ததற்குத் தானாகப் போகாமல் நிற்கும்படி அமைக்கலாம். தடிப்பானதையே எடுத்தோம்.

கெசட்டை எம்பி3 ஆக்கும் வேலையையும் எழுதுகிறோம். பல வீடுகளில் இப்படிக் கெசட்டுகள் கிடக்கின்றன. முதலில், கெசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அவை இருந்தால் தவறிப் பதிவுப் பொத்தான் அமுங்கி உள்ளே இருப்பது அழிந்துவிடக்கூடும். உடைத்துவிட்டால் அந்தப் பொத்தான் அமுங்காது. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓட்டவே வேண்டாம், விளங்கியவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். ரெக்கோடரின் தலைப்பகுதியை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரெக்கோடரின் ஹெட்செட் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர். ஓடசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 60 நிமிடக் கெசட்டுக்கு 60 நிமிடமும் ஓட வேண்டும், குறுக்கு வழி கிடையாது. முதலில் அமுக்காத வேவ் கோப்பாகச் சேமித்து, அதிலிருந்து எம்பி3 பிரதி எடுங்கள். வேவ் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள்.

எங்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு பெண் தன் கணவருக்கு மட்டும் பேசியது அது. நாங்கள் அதைக் கேட்கலாகாது. ஆனால் சத்தம் கூடிப்போனால் பதிவு கிழியும், குறைந்தால் இரைச்சல் மிஞ்சும். அளவு பார்க்கத்தான் வேண்டும். நல்ல வேளையாக ஓடசிட்டியில் குரல் அலை அலையாகத் திரையில் தெரியும். கணினியின் ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, அலையின் உயரத்தை மட்டும் பார்த்து அளவை அமைத்தோம். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், இரண்டு பக்கம். அலை எழுந்தது, தாழ்ந்தது, சில இடங்களில் நீண்ட நேரம் தட்டையாகக் கிடந்தது. நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. முடிந்ததும் அவரிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

அந்தக் கோப்பு இப்போது கருவியில் தனி ஃபோல்டரில் இருக்கிறது. பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். அவர் அதைக் கேட்கிறாரா, எப்போது கேட்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. நடப்பதை மட்டும் பார்க்கிறோம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு காதில் வயரோடு, ரோட்டின் வலது பக்கமாக. சென்ற கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். அது மாத்திரையாலா, நடையாலா, இரண்டாலுமா என்று வைத்தியருக்குத்தான் தெரியும்.

ஆகவே "எது நல்லம்?" என்று கேட்கும் சகோதர சகோதரிகளுக்கு எங்கள் பதில். முதலில் யார் நடக்கப் போகிறார், எங்கே, எதைக் கேட்டுக்கொண்டு என்று பாருங்கள். மைதானத்தில் ஓடும் தம்பிக்குக் கிளிப் உள்ள சிறியது போதும், சத்தத்துக்கு வரம்பு போட்டுக் கொடுங்கள். பயான் கேட்கும் வாப்பாவுக்கு விட்ட இடத்தில் தொடங்குவது வேண்டும். வானொலி கேட்கும் மூத்தம்மாவுக்கு எஃப்எம்மும் வயரும் வேண்டும். தனிய நடக்கும் பெண்ணுக்கு ஒரு காதில் மட்டும் போடும் ஹெட்செட் வேண்டும். எட்டு ஜிபி எல்லோருக்கும் போதும்.

வீட்டில் பழைய கெசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேப்புக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, நமது கடற்காற்றும் அதற்குக் கேடு. அடுத்த நோன்புக்குப் பார்ப்போம், விடுமுறைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். நல்ல நிலையில் ஒரு டேப் ரெக்கோடர் எங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். வயரைக் கொளுவித் தருவோம். கேட்க மாட்டோம்.